துறைமுகச் சுவரில் சிப்பியும் சிங்கி இறாலும்: குமரிக் கடலுக்கு எது பொருந்தும்?

குமரி மாவட்டத்தில் துறைமுகம் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் இரண்டு பேச்சுகள் சேர்ந்தே வரும். “கடலுக்குள் கல் போட்டால் மீன் வந்து அடையும், சிப்பி பிடிக்கும், நல்லதுதானே” என்பது ஒன்று. “கல் போட்டுத்தான் எங்கள் கரை போச்சு” என்பது இன்னொன்று. இப்போது மூன்றாவதாகவும் ஒரு பேச்சு கேட்கிறது: கடல் உயிர்களுக்கு இடம் கொடுக்கும்படியே துறைமுகச் சுவரை வடிவமைக்கலாம், வெளிநாடுகளில் அப்படிச் செய்கிறார்கள், இங்கும் செய்யலாம் என்கிறார்கள். இதைக் கேட்டு நம்புவதா, சிரிப்பதா என்று பலருக்குக் குழப்பம்.

முதல் இரண்டு பேச்சும் உண்மைதான். ஒன்று கல்லின் மேற்பரப்பைப் பற்றியது. இன்னொன்று கல் நிற்கும் இடத்தைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால், மூன்றாவது பேச்சில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

எதையெல்லாம் ‘சுவர்’ என்கிறோம்

சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று மாவட்டத்தில் மீன்பிடி துறைமுகங்கள் இருக்கின்றன. இவை போதாதென்று ஊருக்கு ஊர் கடலோரக் கல்வேலை. பேச்சுவழக்கில் எல்லாமே ‘சுவர்’. ஆனால் வேலை வேறுவேறு.

அலைத் தடுப்புச் சுவர் என்பது துறைமுகத்தை வளைத்துக் கடலுக்குள் நீளும் கற்குவியல். உள்ளே தண்ணீர் அடங்கிக் கிடக்க வேண்டும், படகு பத்திரமாக அணைய வேண்டும் என்பதற்காகக் கட்டுவது. தூண்டில் வளைவு என்பது கரையிலிருந்து குட்டையாகக் கடலுக்குள் நீட்டி, நுனியில் தூண்டில் முள்போல வளைந்திருப்பது. ஓடும் மணலைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. கடலரிப்புத் தடுப்புச் சுவர் ஊருக்கும் கடலுக்கும் நடுவில் கரையை ஒட்டி நீளவாக்கில் அடுக்கிய கல். நான்காவது, துறைமுகத்தின் உள்பக்கத்தில் இருக்கும் படகுத்துறை. இது செங்குத்தான கான்கிரீட் சுவராகவோ, தூண்கள் மேல் நிற்கும் தளமாகவோ இருக்கும். கடல் உயிர்களுக்கு இந்த நான்கும் நான்கு வேறு வீடுகள்.

அலைத் தடுப்புச் சுவரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். நடுவில் குவாரியிலிருந்து வரும் கலப்புக்கல், அதற்கு மேல் நடுத்தரக் கல், வெளியே அலையை நேரில் வாங்கும் கவச அடுக்கு. அடியில், கவசம் சரியாமல் தாங்கும் ‘பாதம்’. கவசக் கல்லின் எடையைக் கணக்கிடும் சூத்திரத்தில் அலை உயரம் மும்மடியாக (உயரம் × உயரம் × உயரம்) வருகிறது. அதாவது, வரக்கூடிய அலையின் உயரம் இரண்டு மடங்கானால் கல்லின் எடை எட்டு மடங்காக வேண்டும். ஆனி, ஆடி மாதக் கடலுக்கு ஈடுகொடுக்கும் கருங்கல்லைக் குவாரியில் எடுத்து, லாரியில் ஏற்றி, குமரியின் ஊர்ச்சாலையில் கொண்டுவருவது நடக்கிற காரியம் இல்லை. அதனால்தான் கான்கிரீட் கட்டைகள் வந்தன. நான்கு கால் நீட்டிய டெட்ராபாட் 1950-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரத்தில் இருந்த ஒரு நீரியல் ஆய்வகத்தில் பிறந்தது. அலையைத் தன் மேல் மோதவிட்டு, அதன் வேகத்தில் ஒரு பகுதியைத் தன் இடுக்குகளுக்குள் உறிஞ்சிக்கொள்வதுதான் அதன் சூட்சுமம். கட்டைகளுக்கு இடையே ஏறக்குறைய பாதி இடம் வெறும் வெளி. எல்லைக்கு அப்பால் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்தின் ஏறக்குறைய 3 கி.மீ. நீளச் சுவரில் போட்டிருக்கும் அக்ரோபோட், 1981-இல் வந்த தம்பி.

ஒரு டெட்ராபாடை அருகில் போய்ப் பார்த்தால்

புதிதாக வார்த்த கான்கிரீட் கடுமையான காரம். கார-அமில அளவில் 12, 13 என்று நிற்கும். கடல்நீர் 8-ஐச் சுற்றி. அதனால் முதல் சில வாரங்கள் அதில் அநேகமாக ஒன்றும் ஒட்டாது. ஆனால் கடல் சும்மா விடாது. காரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போக, முதலில் நுண்ணுயிர்களின் வழவழப்பான ஒரு படலம் படரும். அதன் மேல் பச்சைப் பாசி. அப்புறம் கொட்டலசு, அதாவது படகின் அடியில் வெள்ளைக் கூம்புகளாகப் பிடித்துக்கொண்டு மீனவருக்குத் தலைவலி கொடுக்குமே, அது. கடைசியில் சிப்பி.

சில வருடம் கழித்து, கடல் வற்றி அலை அடங்கிய ஒரு நாளில் அதே டெட்ராபாடைப் பார்த்தால், கோடு போட்டதுபோல் பட்டை பட்டையாக இருக்கும். மேலே அலைத்துளி மட்டும் தெறிக்கும் இடம் வெறுமையாக, கருத்துக் கிடக்கும். அதற்குக் கீழே கொட்டலசு. அதற்கும் கீழே, தண்ணீர் எப்போதும் நனைக்கும் இடத்தில் சிப்பியும் பாசியும். இன்னும் உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும்: கொட்டலசு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. கான்கிரீட் வார்க்கும்போது காற்றுக்குமிழி நின்று குழியான இடங்கள், அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு, கிரேன் சங்கிலி உரசிச் சிதைந்த விளிம்பு ஆகியவற்றில் நெருக்கமாக இருக்கும். எண்ணெய் தடவிய இரும்பு அச்சிலிருந்து வழுவழுவென்று வந்த பரப்பில் குறைவாக இருக்கும். ஒப்பந்தக்காரர் ‘குறை’ என்று நினைப்பது, ஒட்ட இடம் தேடி வரும் கடுகளவுக் குஞ்சுக்கு வீடு.

கடல் உயிர்களுக்கு இடம் கொடுத்துக் கட்டும் ‘உயிர்ச்சூழல் வடிவமைப்பின்’ அடிப்படை முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. குமரிக் கடலின் இயற்கைப் பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மயிரிழை விரிசல், விரல் நுழையும் பிளவு, கை நுழையும் பொந்து, ஆள் நுழையும் குகை என எல்லா அளவும் இருக்கும். டெட்ராபாட் சுவரில் இரண்டே அளவு: வழுவழுப்பான பரப்பு, இல்லையென்றால் ஆள் நுழையும் இடுக்கு. நடுவிலுள்ள அளவுகள் இல்லை. சிங்கி இறால் (லாப்ஸ்டர்) மாதக்கணக்கில் நடுக்கடலில் கண்ணாடித் தகடு போன்ற குஞ்சாக மிதந்து, பிறகு விரல் நுனியளவில் கரையோரம் வந்து இறங்கும். அதற்கு வேண்டியது தன் உடம்பு மட்டும் நுழையும் பொந்து. வளர வளர அடுத்த அளவுப் பொந்து வேண்டும். ஆள் நுழையும் இடுக்கில் இறாலைத் தின்னும் கலவாய் மீனும் நுழையும். அங்கே குட்டி இறாலுக்குப் பாதுகாப்பு இல்லை.

வெளியே என்ன செய்கிறார்கள்

சிட்னியில் 2018 முதல், பழைய துறைமுகச் சுவர்களின் மேல் பாறைப் பிளவு, தேன்கூடு, வேர்ப்பின்னல் போன்ற வடிவமுள்ள கான்கிரீட் பலகைகளைப் பதித்து வருகிறார்கள். சியாட்டிலில் 2017-இல் முடிந்த புதிய கடற்சுவரில் பரப்பைக் கரடுமுரடாக்கியதோடு, மேலே நடைபாதையில் கண்ணாடிக் கட்டிகளைப் பதித்துத் தண்ணீருக்கு வெளிச்சம் விட்டார்கள். அங்கே சுவரை ஒட்டி நீந்திப் போகும் சால்மன் குஞ்சுகள், மேடைக்கு அடியில் இருட்டானால் நின்றுவிடுகின்றன. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக்கு எதிரே 2024-இல் முடிந்த அலைத் தடுப்பு வரிசையில், மீன் ஒதுங்குவதற்கென்றே கல்முகடுகளுக்கு நடுவே சந்துகள் விட்டிருக்கிறார்கள். ரோட்டர்டாம் செய்தது இன்னும் எளிது: துறைமுகத் தூண்களைச் சுற்றிப் பாவாடை மாதிரி கயிறுகளைத் தொங்கவிட்டார்கள். வெறும் தூணில் பிடித்ததைப் போலப் பல மடங்கு எடை உயிர்கள், பெரும்பாலும் மட்டிகள், கயிறுகளில் பிடித்தன.

கடைசி உதாரணம் குமரிக்காரர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. கயிற்றில் சிப்பி வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் விழிஞ்ஞத்தில் 1970-களின் தொடக்கத்திலேயே செய்து பார்த்துவிட்டது. நம் பக்கத்துச் செயல்தான் ரோட்டர்டாமில் வேறு பெயரில் நடக்கிறது.

அப்படியே நகலெடுத்தால் எங்கே தவறும்

மேலே சொன்னவை போன்ற வெளிநாட்டு இடங்களுக்கும் குமரிக்கும் நான்கு வித்தியாசங்கள் இருக்கின்றன. வடிவமைப்பைத் தலைகீழாக்கும் வித்தியாசங்கள்.

1. ஓதம், அதாவது கடல் ஏறி இறங்கும் உயரம். பிரிட்டனின் சில கரைகளில் இது ஐந்தாறு மீட்டரைத் தாண்டும். அதனால் சுவரின் நடுவில் தண்ணீர் தேங்கும் செயற்கைக் குட்டைகளை வைத்தால், கடல் இறங்கும்போது நண்டும் குட்டி மீனும் அதில் தங்கும். குமரியில் ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவு. நனைந்து காயும் பட்டை மிகக் குறுகலானது. அங்கே குட்டை வைப்பது படம் எடுக்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். இங்கே காரியம் நடக்க வேண்டிய இடம் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே.

2. வெயில். குட்டை வைத்தாலும், பங்குனி, சித்திரை உச்சி வெயிலில் ஒரு சாண் ஆழத் தண்ணீர் என்ன சூடாகும் என்று பாறையில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும். குமரி பூமத்திய ரேகைக்கு 8 பாகை வடக்கே இருக்கிறது. சூரியன் தலைக்கு நேரே வந்து போகும் இடம். இங்கே வெளிச்சத்தைவிட நிழல்தான் உயிர்களுக்குத் தட்டுப்பாடு. டெட்ராபாடின் அடிவயிறு மேற்பரப்பைவிட முக்கியம்.

3. அலை. சிட்னியின் பலகைகள் இருப்பதும் சியாட்டில் சுவர் நிற்பதும் ஒதுக்கமான விரிகுடாவுக்குள். குளச்சலின் வெளிச்சுவர் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவத்தின் அலையை நெஞ்சில் வாங்குகிறது. தனியாகச் செய்து போல்ட்டு போட்டு மாட்டிய எதுவும் முதல் ஆடிக்கே போய்விடும். இங்கே எதுவாக இருந்தாலும் கட்டையோடு கட்டையாக வார்த்ததாக இருக்க வேண்டும்.

4. மணல். நம் அலையில் தண்ணீர் மட்டும் வருவதில்லை, மணலும் சேர்ந்து வருகிறது. அது பரப்பைத் தேய்க்கும், கீழே உள்ள பொந்துகளை மூடும். பாதத்தை ஒட்டி அழகாகச் செய்து வைத்த வீடு, அடுத்த பருவத்தில் மணலுக்குள் போயிருக்கலாம். எந்தப் பக்கம் மணல் ஏறும், எந்தப் பக்கம் தோண்டும் என்று தெரியாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது ஒரே மாவட்டமானாலும் ஒரே கடல் இல்லை. விசைப்படகுத் தடைக்காலமே சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்குக் கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டத்தில் சரியாக வந்த அமைப்பு தேங்காய்ப்பட்டணத்தில், அதுவும் குழித்துறை ஆற்று நன்னீர் வந்து கலக்கும் வாயில், அப்படியே வரும் என்று சொல்ல முடியாது.

சரி, இங்கே என்ன செய்யலாம்

1. அச்சை மாற்றுவது. செலவு குறைந்த, ஆபத்தும் குறைந்த வேலை இது. டெட்ராபாட் வார்க்கும் இரும்பு அச்சின் உள்பக்கத்தில் வரிவரியாகவோ குழிகுழியாகவோ உள்ள ரப்பர் விரிப்பை ஒட்டினால் போதும், வெளியே வரும் கட்டை கரடுமுரடாக இருக்கும். ஓரிரு சென்டிமீட்டர் ஆழம் போதும். “கான்கிரீட்டில் குழி விட்டால் கம்பி துருப்பிடிக்காதா?” என்ற கேள்வி உடனே வரும். டெட்ராபாடில் வழக்கமாகக் கம்பியே கிடையாது, அது வெறும் கான்கிரீட் கட்டி. ஆனாலும் கால்கள் உடம்போடு சேரும் மூலையில் கைவைக்கக் கூடாது. அலையில் ஆடும்போது விரிசல் விடுவது அங்கேதான். குழிகள் காலின் பக்கவாட்டிலும் அடிப்புறத்திலும் இருக்கட்டும்.

2. நடு அளவு இடுக்குகளை உண்டாக்குவது. பெரிய கட்டைகளுக்கு நடுவே சின்னக் கல்லைத் திணித்து இதைச் செய்ய முடியாது. அலை அதை எடுத்துக் கவண்கல்போல வீசும், கட்டையே உடையும். அதனால் இது சுவரின் மறைவான பக்கத்திலும், அலையின் வேகம் குறைந்த ஆழத்திலும் செய்ய வேண்டிய வேலை. துளையிட்ட கான்கிரீட் கட்டைகள், வெவ்வேறு விட்டமுள்ள குழாய்த் துண்டுகளை உள்ளே வைத்து வார்த்த பாளங்கள் இவற்றைச் சுவரின் பாதத்திலிருந்து சற்றுத் தள்ளி, படகு வரும் பாதைக்கும் நங்கூரம் விழும் இடத்துக்கும் விலகி வைக்கலாம். ஒரு வாய் மட்டுமே உள்ள பொந்தைவிடப் பின்வாசலும் உள்ள பொந்து நல்லது. விரட்டும் மீன் வந்தால் நண்டோ இறாலோ மறுபக்கம் நழுவும். குளச்சல், கடியபட்டணம், முட்டம், இனயம் என்று இந்தக் கரை முழுவதும் சிங்கி இறாலுக்குப் பேர்போன கடல். எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்), எந்த அளவுப் பொந்தில் இறால் இருக்கும் என்று வரைபடம் போடுகிறவரைவிடச் சிப்பி குளிக்க, அதாவது முங்கி எடுக்க, போகிறவருக்கு நன்றாகத் தெரியும். வரைபடம் போடும் மேசையில் அவருக்கு ஒரு நாற்காலி போடாமல் இந்த வேலை உருப்படாது.

3. உள்பக்கத் தூண்களில் கயிறு. மலிவானது, பிடிக்காவிட்டால் அவிழ்த்துவிடலாம். ஆனால் நைலான் கயிறு கந்தலாகி நுண்பிளாஸ்டிக்காகக் கடலில் சேரும் என்பதால் தேங்காய் நாருக்குப் போவது நல்லது. குமரியில் கயிற்றுக்குப் பஞ்சமா என்ன! ஆனால் கயிறு இற்றுப்போவதற்குள் சிப்பி தூணைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஏற்ற தடிமனைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

4. கலவை. சிமெண்டில் ஒரு பகுதிக்குப் பதில் அனல்மின் நிலையச் சாம்பலோ இரும்பு ஆலைக் கசடோ சேர்த்தால் காரம் சற்றுக் குறையும், கடல் உப்பையும் கான்கிரீட் நன்றாகத் தாங்கும். தூத்துக்குடி அனல்மின் நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. இஸ்ரேலின் இகான்கிரீட் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே தனிச் சேர்மானம் விற்கின்றன. கலவையின் காரம் முதல் சில மாதங்களுக்குத்தான் பெரிய விஷயம். பரப்பின் வடிவம் சுவர் இருக்கும்வரை விஷயம். கையில் காசு கொஞ்சம்தான் என்றால் அச்சுக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

எழும் சந்தேகங்கள்

முதல் சந்தேகம் பொறியாளருடையது: பாதுகாப்பு என்னாவது? நியாயமான கேள்வி. தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து உயிர் போன செய்திகளைப் படித்த ஒரு மாவட்டத்தில், சுவரின் முதல் வேலை ஆளைக் காப்பாற்றுவதுதான். பரப்பில் ஓரிரு சென்டிமீட்டர் குழி, பல டன் எடையுள்ள கட்டையின் நிலைப்பைப் பெரிதாக மாற்றாது. ஆனால் கட்டையின் வடிவத்தையோ சுவரின் சரிவையோ தொடுவதென்றால் அலைத்தொட்டியில் சிறிய மாதிரி வைத்துச் சோதிக்காமல் செய்யக் கூடாது. சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையில் அந்த வசதி இருக்கிறது.

இரண்டாவது சந்தேகம் இன்னும் ஆழமானது: சுவரைச் சுற்றி மீன் கூடுகிறது என்றால், அது புதிதாக வளர்ந்த மீனா, பக்கத்துப் பாரிலிருந்து இடம் மாறி வந்த மீனா? உலகம் முழுவதும் செயற்கைப் பார்களைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக நடக்கும் வாதம் இது. வந்து கூடிய மீனை ஒரே இடத்தில் எளிதாக வாரிவிட்டால், மொத்தத்தில் நட்டம்தான். சிப்பி, கொட்டலசு, பாசி போல ஒட்டி வளர்பவை நிச்சயம் புதிய உற்பத்தி. சிங்கி இறால் குட்டி தப்பிப் பிழைக்கும் இடம் தட்டுப்பாடாக இருந்தால், பொந்து கொடுப்பதும் உற்பத்திதான். ஊர் சுற்றும் மீன் கூட்டத்தை வைத்து மட்டும் ‘வெற்றி’ என்று அறிக்கை வந்தால் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் படியுங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பொழியூரிலிருந்து வர்க்கலை வரை 42 மீனவ ஊர்களுக்கு எதிரே 6,300 செயற்கைப் பார்க் கட்டைகள் இறக்கும் திட்டம் அண்மையில் நடந்தது. குமரியின் மேற்கு எல்லை ஊரான நீரோடியிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே என்ன வளர்கிறது என்பதைப் பக்கத்திலிருந்தே கவனிக்கலாம்.

மூன்றாவது, வேண்டாத விருந்தாளிகள். கப்பலின் அடியிலும், எடைக்காக ஏற்றிவரும் தண்ணீரிலும் வெளிநாட்டு உயிர்கள் வருகின்றன. புதிதாகக் கட்டிய வெறுமையான கான்கிரீட்டில் அவை உள்ளூர் உயிர்களுக்கு முன்பே இடம்பிடிக்கின்றன. அமெரிக்கக் கண்டத்துக் கரைகளைச் சேர்ந்த மைடெல்லா என்ற மட்டி, கொல்லம் அஷ்டமுடிக் காயலில் பரவி உள்ளூர் மட்டிகளை நெருக்கிய கதை நமக்குத் தூரத்துக் கதை இல்லை. கப்பல் எடைநீரைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம் 2004-இல் எழுதி, 2017 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. மீன்பிடி துறைமுகத்தில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் சரக்குப் பெட்டகத் துறைமுகம் என்ற பேச்சு இனயத்திலும், பிறகு கோவளம் மணக்குடிப் பக்கத்திலும் எழுந்து, எதிர்ப்பைச் சந்தித்த மாவட்டம் இது. அப்படி ஒரு திட்டத்தை ‘உயிர்ச்சூழலுக்கு உகந்தது’ என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டியது எடைநீரைப் பற்றி.

நான்காவது சின்னதாகத் தோன்றும், ஆனால் வீட்டுச் சமையலறை வரை வரும் விஷயம். துறைமுகத்தின் உள்பக்கத்தில் வளரும் சிப்பியைச் சாப்பிடக் கூடாது. சிப்பி தண்ணீரை வடிகட்டித்தான் உண்கிறது. டீசல், மீன் கழிவு, படகு வண்ணத்தின் செம்பு எல்லாம் அதற்குள்தான் போய்ச் சேரும். உள்ளே வளர்வது தண்ணீரைத் தெளிய வைக்கும் வேலையாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கான சிப்பி வெளிப்பாறையிலிருந்தே வரட்டும். அப்புறம், டெட்ராபாட் இடுக்குக்குள் முங்கிச் சிப்பி எடுப்பது பாரில் எடுப்பது போல் இல்லை. அலை உள்ளே இழுத்தால் திரும்பும் வழி தெரியாது.

மணல் கணக்கும் மலைக் கணக்கும்

இப்போது “கரை போச்சு” என்ற பேச்சுக்கு வருவோம். கட்டுரையின் எடை இங்கேதான் இருக்கிறது.

அலை கரையில் நேராக மோதுவதில்லை, சாய்ந்து மோதுகிறது. அதனால் மணல் கரையோரமாக ஒரு திசையில் நகர்ந்துகொண்டே இருக்கும், பருவத்துக்குப் பருவம் திசை மாறும். குறுக்கே ஒரு சுவர் நீட்டினால் ஒரு பக்கம் மணல் தேங்கும், மறுபக்கம் பட்டினி கிடக்கும். பட்டினி கிடக்கும் பக்கத்தில் கடல் உள்ளே வரும். அங்கே அடுத்த தூண்டில் வளைவு, அதற்கு அடுத்த ஊரில் அடுத்தது.

புதுச்சேரிக்காரர்கள் இதை அனுபவித்தார்கள். 1980-களின் கடைசியில் கட்டிய துறைமுகச் சுவர்கள் மணலை மறித்தன. வடக்கே நகரத்தின் கடற்கரை போய்விட்டது, வெறும் கற்சுவர் மிஞ்சியது. பிறகு தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தண்ணீருக்கு அடியில் ஒரு தடுப்பை வைத்து, மணலும் போட்டுத்தான் ஒரு பகுதிக் கரை திரும்பி வந்தது.

கரைமணல் போனால் போவது கால் நனைக்கும் இடம் மட்டும் இல்லை. ஈரமணலுக்குள் வாழும் சிறு மட்டி, மணல் நண்டு, அவற்றைத் தின்ன வரும் மீன், கரைமடி இழுக்கும் இடம், வள்ளம் ஏற்றிவைக்கும் இடம், ஆமை முட்டையிடும் இடம் எல்லாம் சேர்ந்து போகும். ஒரு கிலோமீட்டர் சுவரில் ஆயிரம் பொந்து விட்டு, இரண்டு கிலோமீட்டர் மணற்கரையை இழந்தால் கணக்கு எங்கே நிற்கும்? மணலில் வாழ்பவை பாறைப் பொந்தில் குடியேறாது. ஆகவே கடல் உயிர்களுக்கான வடிவமைப்பு, சுவரின் கோணத்திலும் நீளத்திலும் தொடங்க வேண்டும். தேங்கும் மணலைத் தோண்டி எடுத்துப் பட்டினி கிடக்கும் பக்கத்தில் போடும் ஏற்பாடு, திட்டத்தின் உள்ளேயே, ஆண்டுதோறும் நடக்கும் செலவாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் குழாய் வைத்து மணலை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். குமரியில் கூடுதலாக ஒரு சிக்கல்: மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் இல்மனைட், மோனசைட் என்ற விலையுள்ள கனிமங்கள் கலந்திருக்கின்றன. இங்கே தோண்டிய மணல் எங்கே போகிறது என்பது எப்போதும் சந்தேகத்துக்குரிய கேள்வி. தோண்டியதைக் கரைக்கே திருப்பிப் போட்டோம் என்பதை ஊரார் கண்ணால் பார்க்கும்படி செய்தாக வேண்டும்.

மலைக் கணக்கு இன்னொரு பக்கம். இயற்கைக் கருங்கல் வழுவழுப்பான கான்கிரீட்டைவிட உயிர்களுக்கு உகந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கல் மேற்கு மலைச்சரிவின் ஏதோ ஒரு குன்றிலிருந்துதான் வருகிறது. விழிஞ்ஞத்துக்குக் குமரியின் குன்றுகளை உடைத்துக் கொண்டுபோகிறார்கள் என்ற எதிர்ப்பு இந்த மாவட்டத்தில் எவ்வளவு பலமாக எழுந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். கடலில் பத்துப் பொந்து உண்டாக்க மலையில் ஒரு ஊற்றை அடைப்பதை உயிர்ச்சூழல் வடிவமைப்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

டெண்டருக்கு முன்னால்

இந்த வடிவமைப்பைப் புதிய துறைமுகம் கட்டுவதற்கான நியாயமாகப் பயன்படுத்துவது தவறு. ஏற்கெனவே நிற்கும் சுவர்களைப் பழுதுபார்ப்பதில் பயன்படுத்துவது சரி. அலைத் தடுப்புச் சுவர் ஒருமுறை கட்டி முடிக்கும் பொருள் இல்லை. ஒவ்வொரு பெரும் பருவத்துக்குப் பிறகும் கட்டைகள் சரியும், உடையும், புதிதாகச் சேர்க்க வேண்டிவரும். எப்படியும் வார்க்கப் போகிற அந்தக் கட்டைகளில், பத்தில் ஒன்றைக் கரடுமுரடாக வார்த்து, வழுவழுப்பான கட்டைக்குப் பக்கத்திலேயே இறக்கினால் ஒப்பீடு தானாகக் கிடைக்கும்.

அதற்கு விலைப்பட்டியலில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் அந்த வரி டெண்டர் போவதற்கு முன் இருக்க வேண்டும். வார்ப்புக்களத்தில் அச்சு வந்து இறங்கிய பிறகு கேட்டால், ஒப்பந்தக்காரர் கைவிரிப்பார். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. கணக்கெடுப்புக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். கட்டை இறங்கும் முன் அந்த இடத்தில் என்ன இருந்தது என்று பாராமல், இறங்கிய பிறகு எடுக்கும் எந்தப் படமும் சாட்சியாகாது. அரை மீட்டர் சதுரச் சட்டத்தைப் பரப்பில் வைத்து, அதே இடத்தில், ஆண்டுக்கு இரண்டு முறை படம் எடுத்தால் போதும். ஊரில் படித்த பிள்ளைகளே செய்துவிடுவார்கள்.

காலமும் பார்க்க வேண்டும். இந்தக் கரையில் வளரும் பழுப்புச் சிப்பி தென்மேற்குப் பருவத்தில் முட்டையிடும். பருவம் ஓயும்போது அதன் குஞ்சுகள் ஒட்ட இடம் தேடும். கடலில் கல்வேலை நடப்பதோ ஐப்பசி முதல் சித்திரை வரை, கடல் அடங்கியிருக்கும் மாதங்களில். மார்கழிக்குள் வார்த்து, மாசி, பங்குனியில் இறக்கிய கட்டைக்குக் காரம் கரைய நான்கைந்து மாதம் கிடைக்கும். ஆவணி, புரட்டாசியில் சிப்பிக் குஞ்சு வரும்போது பரப்பு தயாராக இருக்கும். சித்திரைக் கடைசியில் அவசரமாக வார்த்து இறக்கிய கட்டைக்கு அந்த அவகாசம் கிடைக்காது.